எந்த முகவரியில் நான் உங்கள் உறுப்பினர்?

மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் நடத்தும் குழுவிலிருந்து விலக 11 நாள்களாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். விலகல் மடல் அனுப்பினால், 'இந்த முகவரி எங்கள் பட்டியலில் இல்லை' என்று பதில் வருகிறது. அந்தப் பதிலோடு சேர்ந்தே குழுவின் புதிய மடல்கள் மூன்றும் வந்து விழுகின்றன. பட்டியலில் இல்லாதவனுக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?

காரணம் உங்களுக்குத் தெரியும். என்றோ ஒரு மாற்று முகவரியில் சேர்ந்திருக்கிறேன்; அதற்கு வருபவை அனைத்தும் என் முதன்மைப் பெட்டிக்கே வந்துசேர்கின்றன. பெறுநர் இடத்தில் குழுவின் முகவரிதான் இருக்கிறது, என்னுடையது இல்லை. என்னிடமுள்ள நான்கு முகவரிகளிலிருந்தும் விலகல் மடல் அனுப்பினேன். நான்குக்கும் 'இல்லை' என்றே பதில். கடைசியில் மடலின் முழுத் தலைப்பகுதியை, அதாவது மடலோடு மறைவாக வரும் அனுப்பல் விவரங்களைத் திறந்து, வரி வரியாகத் துழாவிக் கண்டுபிடித்தேன். 'பெயர்+குழு' என்பதுபோல என் முகவரியில் கூட்டல் குறி சேர்த்து நான் உருவாக்கிய ஐந்தாவது முகவரி அது. அதிலிருந்து மடல் அனுப்ப என் செயலி இடம்தரவில்லை. உங்கள் விலகல் இணைப்பைச் சொடுக்கினால், அதிலுள்ள கூட்டல் குறியை உங்கள் சேவையகம் இடைவெளியாகப் படிக்கிறது. மறுபடியும் 'இல்லை'. மின்னஞ்சல் முகவரியில் கூட்டல் குறி முற்றிலும் செல்லுபடியாகும். அது இடைவெளியாகப் படிக்கப்படாதபடி, இணைப்பில் அதைக் குறியாக்கம் செய்து (அதற்குரிய மாற்றுக் குறியீடாக எழுதி) வைப்பது நிரலெழுதுபவரின் கடமை.

நான் கேட்பது ஒன்றுதான். எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்களோ, அதை ஒவ்வொரு மடலின் அடியிலும் எழுதுங்கள். அந்த முகவரி உங்கள் மென்பொருளிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் மடல் எனக்கு வந்திருக்காது.

விலகும் வழியை மடலின் தலைப்பகுதியிலேயே குறிக்கும் நெறி 1998இல் வகுக்கப்பட்டது. ஒரே சொடுக்கில் விலகும் முறை 2017இல் வந்தது. விளம்பர மடல்களைப் பெருமளவில் அனுப்புவோருக்கு ஜிமெயிலும் யாஹூவும் 2024இல் அதைக் கட்டாயமாக்கின. விளம்பரக்காரரிடமிருந்து விடுபடுவது எளிதாகிவிட்டது. நம்பிச் சேர்ந்த குழுவிலிருந்து விடுபட முடியவில்லை. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருவர் தம் பல முகவரிகளையும் ஒரே கணக்கில் இணைத்துக்கொள்ள, மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேனின் மூன்றாம் பதிப்பு வழிசெய்கிறது. பழைய பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உறுப்பினரின் நேரத்தைத்தான் செலவழிக்கிறார்கள்.

உங்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதை அறிவேன். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் என் கோபம் தணியவில்லை. அந்த ஒரு வரியை மடலின் அடியில் சேர்த்துவிடுங்கள். அதுவரை, குழுவின் பொறுப்பாளருக்கு இரண்டு முறை எழுதித் தெரிவித்த என் ஐந்தாவது முகவரியை அவரே தம் கையால் நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் விலக முடியாத உறுப்பினர்