நடைப்பயிற்சியாளர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சுண்டல் எப்போது வரும் என்று பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்க்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் முடித்துவிடுகிறேன். உறுப்பினர்கள் 146 பேர்; சென்ற ஆண்டைவிட 9 பேர் கூடுதல். நம்மைவிட்டுப் பிரிந்த இருவருக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். வடக்கு ஓரத்துப் பள்ளம் நான்கு மனுக்களுக்குப் பிறகு மூடப்பட்டது. கழிப்பறைக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. ஐந்தாவது மனு தயார். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயற்குழுவின் நேரத்தை இந்த ஆண்டு அதிகம் தின்றது பள்ளமும் அல்ல, தண்ணீரும் அல்ல. தொப்பை.

ஆடி மாதத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், இரண்டு வாரம் மைதானத்துக்கு வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று வீட்டுக்குப் போனோம். நன்றாகத்தான் இருந்தார். இடுப்பில் ஒரு பெல்ட் ‘கிர்ர்’ என்று அதிர்ந்துகொண்டிருந்தது. “இனிமே நடக்கவே வேணாமாம் தம்பி. இதைக் கட்டிக்கிட்டு டிவி பார்த்தாலே போதுமாம். வாரத்துக்கு அஞ்சு கிலோ” என்றார். விலை 2,499 ரூபாய். பெல்ட்டைக் கழற்றியபோது தோல் சிவந்து தடித்திருந்தது. எடை குறைந்ததா என்றேன். “கொஞ்சம் லேசா இருக்கிற மாதிரிதான் இருக்கு” என்றார். கொடுத்த காசு பேசியது.

வேறு யார் வீட்டில் என்னென்ன கிடக்கிறது, கொண்டுவாருங்கள் என்று அறிவித்தோம். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு அம்மா, இருட்டிய பிறகு, மஞ்சப்பையில் சுற்றி ஒன்றைக் கொடுத்துவிட்டு, “என் பேரை எழுதாதீங்க” என்று சொல்லிப் போனார். கடைசியில் 14 சேர்ந்தன: வியர்க்க வைக்கும் பெல்ட் 5, அதிரும் பெல்ட் 3, வயிற்றில் ஒட்டும் பேட்டரிப் பட்டை 3, காலில் மாட்டி இழுக்கும் ரப்பர் 2. பதினான்காவது, படுத்துக்கொண்டால் காலை ஆட்டிவிடும் பெட்டி. அது என்னுடையது. பணி ஓய்வுப் பணம் வந்த மாதம் வாங்கினேன். பத்து நாள் ஆட்டியது. பிறகு பரணுக்குப் போனது. வீட்டில் கேட்டபோது நண்பருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். இந்த அறிக்கை மூலம் என் மனைவிக்கும் உண்மை தெரிய வருகிறது.

புரட்டாசியில் மைதானத்திலேயே ஒரு சோதனை வைத்தோம். ஓர் உறுப்பினர் வியர்வை பெல்ட் கட்டி 40 நிமிடம் நடந்தார். நடப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே எடை மெஷினில் நிறுத்தினோம். 600 கிராம் குறைந்திருந்தது. கைதட்டல். பிறகு அவருக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு டம்ளர் மோரும் கொடுத்து மறுபடி ஏற்றினோம். போன 600 கிராமும் திரும்பி வந்துவிட்டது. விளம்பரத்தில் வருபவர் மெஷினில் ஏறுவது உண்மை, முள் இறங்குவதும் உண்மை. மோர் குடிக்கும் காட்சியைத்தான் எடுப்பதில்லை.

‘வாரத்துக்கு 5 கிலோ’ என்பதை நம் கணக்கு ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஐந்து கிலோவுக்கு 38,500. ஏழு நாளுக்குப் பிரித்தால் தினம் 5,500. நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு நாள் முழுக்கச் செலவாவதே 2,000 சொச்சம்தான். ஏழு நாளும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாலும் அந்தக் கொழுப்பு கரையாது. அப்படியிருக்க, இரண்டு பேட்டரியில் ஓடும் பெல்ட் எங்கிருந்து கரைக்கும்? நடத்துநர் அண்ணன் கரும்பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பையை மட்டும் தனியாகக் கரைப்பது என்பதும் அதே வகைதான். ஒரே கையால் மட்டை வீசும் டென்னிஸ் ஆட்டக்காரர்களை 1971-ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். ஆடும் கையின் தசை பெருத்திருந்தது; தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் இறங்கும் என்பதை உடம்பு முடிவு செய்கிறது, பெல்ட் கட்டிய இடம் அல்ல.

பேட்டரிப் பட்டை பற்றி ஓர் எச்சரிக்கை. அது மின்சாரம் பாய்ச்சித் தசையைத் துடிக்க வைக்கும் கருவி. பிசியோதெரபியில் வேறு தேவைகளுக்குப் பயன்படுகிறது. எடை குறைக்க அல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தொடவே கூடாது. நம் சங்கத்தில் இருவர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாங்க இருந்தார். அட்டையில் ‘எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது’ என்று போட்டிருந்ததைக் காட்டினார். எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை. அதில் பெயரைப் பதிவது வேறு, கருவிக்கு அந்தத் துறை ஒப்புதல் தருவது வேறு. எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

நடப்பவர்கள் சங்கம் என்பதால் ஷூவைப் பற்றிக் கேட்காமல் விடுவார்களா? போட்டு நடந்தாலே உடம்பு இறுகும் என்று விளம்பரம் செய்த ரீபாக் நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2011-ல் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டே அதே மாதிரி விளம்பரத்துக்காக ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலர் கொடுத்தது. அதே 2012-ல், தினம் மூன்று நிமிடம் போதும் என்று விற்கப்பட்ட ‘ஆப் சர்க்கிள் புரோ’ என்ற வயிற்றுப் பயிற்சிக் கருவியின் விற்பனையாளர்களும் பணத்தைத் திருப்பித் தர வேண்டி வந்தது. பெரிய பெயர்களே இப்படி என்றால், பெயரே இல்லாத பார்சலைப் பற்றி என்ன சொல்ல.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. நடித்த பிரபலத்துக்கும் இது பொருந்தும். டிவி விற்பனை செய்யும் நாப்டாலுக்கு 2022-ல் 10 லட்சம் விதித்தார்கள்; அதில் காந்த முழங்கால் பட்டையும் அக்குபிரஷர் செருப்பும் அடக்கம். கொழுப்பு குறைக்கும் இயந்திர சிகிச்சையை மிகைப்படுத்தியதற்காக விஎல்சிசி என்ற அழகு, எடைக்குறைப்பு நிலைய நிறுவனத்துக்கு 2025-ல் 3 லட்சம். அந்த நிறுவனத்தின் அளவுக்கு இது டீச்செலவு என்பது என் சொந்தக் கருத்து. தீர்மானத்தில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளில் ஒரு விஷயம் உறுப்பினர்களுக்கு உபயோகமானது. விளம்பரத்தின் மறுப்புக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியில் சொல்கிறதோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். சொன்னதையே மறுக்கவும் கூடாது. ‘ஏழே நாளில்’ என்று தமிழில் கத்திவிட்டு, ‘உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் அவசியம்’ என்று அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் ஓடவிடுகிறார்களே, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் உதவி செய்து 1915 என்ற உதவி எண்ணில் ஆறு புகார்கள் பதிவாயின. இரண்டு பேருக்கு முழுத் தொகை திரும்பியது. ஒருவருக்குப் பாதி. மற்ற மூவரிடம் பில் இல்லை. பார்சல் வந்ததும் கூரியர் பையனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். விற்றவரின் பெயரும் முகவரியும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. மீதி ஏழு பேர் புகாரே வேண்டாம் என்றார்கள். எட்டாவது நான். என்னுடையதற்கு நுகர்வோர் நீதிமன்றம் போவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

அந்த ஏழு பேரில் ஒருவரும் பணம் பெரிதில்லை என்று சொல்லவில்லை. “வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க” என்றார்கள். விளம்பரத்தில் முதலில் காட்டுவதே, சேலை கட்டினால் வயிறு தெரிகிறது என்று அழும் பெண்ணை. கல்யாண வீட்டில் கேலிக்கு ஆளாகும் ஆணை. அந்தக் கூச்சத்தைக் கிளறித்தான் விற்கிறார்கள், ஏமாந்தவர் வாயைப் பிறகு அடைப்பதும் அதே கூச்சம்தான். மஞ்சப்பையில் கொண்டுவந்த அம்மாவின் பெயர் எங்கள் ஏட்டில் இன்றும் இல்லை.

கசப்பான விஷயம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுவிழாவுக்கு 20,000 ரூபாயும் எல்லோருக்கும் டி-ஷர்ட்டும் தருவதாக ஒரு கடைக்காரர் வந்தார். மேடையில் அவருடைய அதிரும் மேடை இயந்திரத்தை வைக்க வேண்டும், தலைவர் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செயற்குழுவில் ஐந்துக்கு நான்கு என்று நிராகரித்தோம். அந்த நால்வர் மீது எனக்கு வருத்தமில்லை. டி-ஷர்ட் தரமாகத்தான் இருந்தது. அந்தப் பணத்தை வாங்காததால்தான் இந்த ஆண்டு பந்தல் சிறியது.

நடத்துநர் அண்ணன் ஐப்பசியிலிருந்து மறுபடி வருகிறார். நான்கு சுற்று நடக்கிறார். எடையைக் கேட்டால் சொல்வதில்லை.

சேகரித்த 14 கருவிகளும் சங்க அறையில் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. உரியவர்கள் இம்மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறோம். எடுக்காதவை பழைய சாமான் கடைக்குப் போகும், வரும் தொகை கழிப்பறைக் குழாய்க் கணக்கில் சேரும். என்னுடைய பெட்டியை முதலாவதாகப் போடலாம்.

நன்றியுடன்,
செயலாளர்