டர்னஸுக்குப் போகும் செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய காட்டேஜ் படத்தைப் பார்த்தோம். 2019-ல் ஸ்காட்லாந்தின் வடகோடியில், டர்னஸில் நாம் தங்கிய அதே வீடுதான் என்று கதவின் நீலத்தை வைத்தே அம்மா சொல்லிவிட்டாள். ஜூன் மாதம் ஒரு வாரம் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "போகிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறாய். சரி.

ஒரே நாளில் ஓட்டிவிடாதே. இன்வர்னெஸ்ஸில் ஒரு ராத்திரி தங்கு. பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள், அதற்கப்புறம் நூறு மைலுக்கு மேல் இருக்கிறது. லெய்ர்க் தாண்டினால் ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. ஒதுங்கும் இடம் வலப்பக்கம் இருந்தால் அதில் ஏறாதே, அதற்கு நேரே இடப்பக்கமே நின்று வழிவிடு. போன தடவை மாப்பிள்ளை ஓட்டினார், நீ பக்கத்தில் மேப் பார்த்துச் சொன்னாய். இந்தத் தடவை யார் ஓட்டுவது என்று எழுதவில்லையே.

ஸ்மூ குகைக்கு முதல் நாளே போய்விடு. மழை பிடித்துக்கொண்டால் உள்ளே படகு விடமாட்டார்கள். சுமார் 40 மீட்டர் அகல வாயைப் பார்த்ததும் அம்மா திருச்செந்தூர் வள்ளி குகையைச் சொன்னாள். வெளிப்பக்கத்தைக் கடல் குடைந்தது, உட்பக்கத்தை ஓடை குடைந்தது என்றதும், "அப்போ நாழிக்கிணறு மாதிரி, கடலை ஒட்டி நல்ல தண்ணி" என்றாள். அருவி விழும் அறையில் பலகைப் பாலம் ஈரமாக இருக்கும். கைப்பிடியை விடாதே.

கேப் ராத்துக்குப் போன தடவை காற்றினால் படகு இல்லை. ராத் என்றால் இங்கிலீஷில் கோபம், அதுதான் பெயர் என்றே நினைத்திருந்தேன். பழைய நார்ஸ் மொழியில் திருப்பம் என்று அர்த்தமாம், வைக்கிங்குகள் கப்பலைத் திருப்பிய முனை. படகில் அக்கரை போய், மினிபஸ்ஸில் 11 மைல். ராணுவம் குண்டுப் பயிற்சி நடத்தும் நாளில் வழி கிடையாது, கேட்டுவிட்டுப் போ. 1828-ல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம். 1998-லிருந்து உள்ளே ஆளில்லாமல் தானே எரிகிறது. அந்தப் பக்கம் தனியாக நடக்காதே.

சாண்ட்வுட் கடற்கரை வேண்டாம். போக 4 மைல், வர 4 மைல், ரோடே கிடையாது. பன்னிரண்டு வயதில் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை நடந்தவள் நீ. காலில் கொப்புளத்தோடு கோபுரத்தைப் பார்த்துச் சிரித்தாயே, இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வேன். நடப்பாய், தெரியும். ஆனாலும் தனியாக வேண்டாம். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை போன் இல்லை. அம்மா எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அவள் அதையே திறந்து திறந்து பார்க்கிறாள்.

ஃபராய்ட் முனையில் பஃபின் பறவைகள் இருக்கும். மிட்ஜ் பூச்சிக்கு வலைத்தொப்பி வாங்கிக்கொள், காற்று நின்றால் மொய்த்துவிடும். யார் ஓட்டுவது என்று எழுது.

பால்னகீல் கடற்கரையில் கூரையில்லாத பழைய சர்ச் இருக்கிறதே, அங்கேதான் ராப் டான் என்ற கேலிக் மொழிக் கவிஞரைப் புதைத்திருக்கிறார்கள். 1778-ல் இறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதாம். அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டு எழுதி வைத்ததால்தான் அவர் பாட்டு இன்றும் இருக்கிறது. அன்று இதை உன்னிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி 11 மணி, இன்னும் வெளிச்சம் போகவில்லை. அம்மாவும் மாப்பிள்ளையும் முன்னால் போய்விட்டார்கள். நீ நின்று, "அப்பா, எனக்கு அந்த வீட்டில் முடியலப்பா" என்றாய்.

எனக்குக் காது கேட்டது செல்வி. நன்றாகக் கேட்டது. குனிந்து ஒரு சிப்பியை எடுத்து, "இதைப் பாரேன், நம்ம ஊர்ச் சிப்பி மாதிரியே" என்று உன் கையில் வைத்தேன். நீ அதை வாங்கிக்கொண்டாய், அப்புறம் பேசவில்லை. கல்யாணக் கடன் அப்போதுதான் தீர்ந்திருந்தது, சித்தப்பா வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பயம் வந்துவிட்டது. அம்மாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்லுவாயா? சர்ச்சுக்குப் பின்னாலுள்ள மேட்டில் போன் எடுத்தது. எந்நேரமானாலும் கூப்பிடு, தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுக்கிறேன். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் நாளைக்குப் பார்சலில் வருகிறது. எத்தனை பேருக்கு என்று அம்மா கேட்டாள். செல்விக்கு மட்டும் போடு என்று சொல்லிவிட்டேன்.

அப்பா