தோனட் 14: உருவத்தை விடு, உலோகப் பட்டையைப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் நாற்காலி வரைபடமும் கிடைத்தன. முதுகின் வளைவு அழகாக விழுந்திருக்கிறது. வளைத்த மரத்தில் செய்த தோனட் 14 நாற்காலியை மனதில் வைத்துத்தான் வரைந்திருக்கிறாய், நல்ல குருதான். ஆனால் வளைவைப் பலகையில் அறுத்து, நாலு துண்டாக ஒட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். அறுத்தெடுத்த வளைவில் ரேகை, அதாவது மரத்தின் இழையோட்டம், குறுக்கே வெட்டுப்படும். முதலில் முறிவது அந்த இடம்தான்.

மிகேல் தோனட் 1859-இல் கொண்டுவந்த அந்த நாற்காலிக்கு 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டு போதும். பின்னங்கால் இரண்டும் முதுகும் ஒரே நீளக் கம்பு. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போய்விடும். இருக்கை பின்னங்காலோடு சேரும் இடத்தில் கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) பசையும் கிடையாது, திருகாணிதான். மரம் சுருங்கித் தளர்ந்தால் ஒரு திருப்புத் திருப்பினால் சரி.

வளைப்பதற்கு வருகிறேன். 25 மில்லிமீட்டர் கம்பை, உள்ஆரம் 200 மில்லிமீட்டர் வரும்படி அரைவட்டமாக வளைக்கிறாய் என்று வை. வெளிப்பக்க நீளம் 707, உள்பக்கம் 628. வித்தியாசம் 79 மில்லிமீட்டர். நீராவியில் வெந்த மரம் நன்றாக அமுங்கும், ஆனால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நீளாது. வெறுங்கையால் வளைத்தால் வெளிப்பக்கம் சிலும்பு சிலும்பாகப் பிளப்பது இதனால்தான். தோனட் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டை வைத்து, இரு முனையையும் இறுக்கினார். பட்டை நீளாது, ஆகவே மரமும் நீள முடியாது. அந்த 79 மில்லிமீட்டரையும் உள்பக்கமே அமுங்கி ஏற்றுக்கொள்ளும். இந்த நாற்காலியின் உயிரே அந்தப் பட்டைதான் என்பேன்.

பீச் (beech) மரம் எடு. சூளையில் உலர்த்தியதை வாங்காதே, ஈரம் 20 முதல் 25 சதவீதம் இருக்கட்டும். ரேகை கம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறும் ரேகையையும் கணுவையும் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி. பெட்டியைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் வளைக்கும் அச்சில் ஏற்றிவிடு, ஆறினால் விறைத்துவிடும். பட்டையின் இரு முனையிலும் மரத்தை இறுக்கும் தடை தளர்வாக இருந்தால் வெளிப்பக்கம் கிழியும், அளவுக்கு மீறி இறுக்கினால் உள்பக்கம் மடிப்பு விழும். சாதா இரும்புப் பட்டை ஈர மரத்தில் கறை விடும், துருப்பிடிக்காத எஃகு நல்லது. நன்றாகக் காயும்வரை அச்சிலிருந்து எடுக்காதே. அவசரப்பட்டால் வளைவு விரிந்துகொண்டு, இரண்டு காலும் இரண்டு திசை பார்க்கும்.

2009-இல் முஜி என்ற ஜப்பானிய நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஜேம்ஸ் இர்வைன் இந்த நாற்காலியைப் புதிதாக வரைந்தபோது முதுகின் உள்வளையத்தை எடுத்துவிட்டுக் குறுக்குச் சட்டம் வைத்தார். வளைத்த கம்பை மட்டும் விடவில்லை. நீயும் முதுகை உன் விருப்பப்படி மாற்று, தவறே இல்லை.

இருக்கைக்குப் பிரம்புப் பின்னல் என்ற உன் முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பிரம்பை ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி பின்னச் சொல். நாளடைவில் லேசாகத் தொய்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்துக் காயவிடு, இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வரைபடத்தில் பின்னங்கால் நுனியின் கனம் இல்லை. அதைக் குறித்து அனுப்பு, அச்சுக்கான அளவு போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ராமு