தம்பிக்கு: ஊசி போட்டுக்கொண்டாயா?

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பலதுறை மருந்தகத்தில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை. இதைத் தாளில் எழுதி நானே படமெடுத்து அனுப்புகிறேன். தங்கச்சியிடம் கொடுத்தால் நன்றாக எடுப்பாள், ஆனால் படித்துவிடுவாள்.

முதலில் இதற்குப் பதில் சொல். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாயா? போன தடவை கேட்டதற்குக் கட்டைவிரல் படம் அனுப்பினாய். போட்டாயிற்று என்று அர்த்தமா, போடுகிறேன் என்று அர்த்தமா என்று எனக்கும் அம்மாவுக்கும் அன்றைக்கு முழுக்க வாக்குவாதம். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். துருவில் ஒன்றும் இல்லை, கிருமி மண்ணில் இருக்கிறது. மாடும் குதிரையும் சாணம் போட்ட மண்ணில் இன்னும் அதிகம். நீ மெட்டல் டிடெக்டர் மிஷினோடு போய்த் தோண்டுவது பழைய பண்ணை வீடு, பக்கத்திலேயே கொல்லன் பட்டறை இருந்த இடம் என்று நீதான் எழுதினாய். தேசிய சேவையில் போட்ட ஊசி இத்தனை வருஷம் தாங்காது.

காசின் படம் வந்தது. டேப்லெட்டில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு வரை நீண்ட சிலுவை, ஒவ்வொரு மூலையிலும் மூன்று புள்ளி, ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் காலத்து வெள்ளி என்று எழுதியிருந்தாய். 1307ல் செத்துப்போன ராஜாவின் காசு என் மகன் உள்ளங்கையில் கிடக்கிறது! கோப்பிக் கடையில் காட்டாத ஆள் இல்லை. ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928ல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டிய கூலியாட்களுக்குப் பொன் கடகம் கிடைத்ததே, அதுவும் 14ஆம் நூற்றாண்டுதானே. அரும்பொருளகத்தில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இருந்து உன்னை இழுத்துக்கொண்டு வரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் காசு அங்கே சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தபோது இங்கே யாரோ அந்தக் கடகத்தைப் போட்டுக்கொண்டு குன்றில் நடந்திருக்கிறார்கள். இதையும் கடையில் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, எனக்குத்தான் மேல் சிலிர்த்தது.

ஆனால் ராஜா தலையைப் படமெடுத்து அனுப்ப நேரம் இருந்தவனுக்கு அதே வாரம் அம்மாவின் பிறந்தநாள் வந்தது ஞாபகம் இல்லை. பரவாயில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற வருஷம் மருமகள்தான் உனக்கு ஞாபகப்படுத்துவாள் போலிருக்கிறது.

படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். கையில் மோதிரம் இல்லை. பின்பாயிண்டரை, அந்தச் சின்னக் கை டிடெக்டரை, குழிக்குள் விட்டுத் தேடும்போது விரலில் தங்கம் இருந்தால் அதற்கே கத்தும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அதற்காகக் கழற்றியிருப்பாய். நல்ல பழக்கம்தான். கப்பல் பட்டறையில் நாங்களும் போட மாட்டோம், எதிலாவது மாட்டினால் விரலோடு போய்விடும். கழற்றி எங்கே வைக்கிறாய்? சட்டைப் பையில் வைக்காதே, குனியும்போது விழும். மெல்லிய தங்க மோதிரம் மிஷின் திரையில் சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாள் மாதிரிதான் எண் காட்டுமாம். குப்பை என்று நீயே தாண்டிப் போய்விடுவாய். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அவளிடம் கொடுத்துவிட்டுப் போ. அம்மா இதைக் கவனிக்கவில்லை. அவளுக்குப் படத்தைச் சின்னதாக வைத்துத்தான் காட்டினேன்.

‘ஆணி, ஆணி, ஆணிதான் அப்பா’ என்று எழுதியிருந்தாய். இரும்பைப் பற்றி என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்? தாத்தா கிங் ஜார்ஜ் டாக்கில் வெள்ளைக்காரனிடம் தட்டிய துருவைத்தான் நான் செம்பவாங்கில் கம்பெனிக்காகத் தட்டினேன். இரும்பு கெட்டுப்போனாலும் போகாது. கரைந்து கரைந்து சுற்றியிருக்கும் மண்ணையே செம்மண்ணாக்கி வைத்திருக்கும். உன் மிஷின் அந்த மண்ணையும் சேர்த்துத்தான் கேட்கிறது.

நம்ம ரிக்கர் அங்கிள், தோளில் ஏறி முடியைப் பிடிப்பாயே அவர்தான், இப்போது விடிகாலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மிஷினோடு நடக்கிறார். டின் வளையமும் போத்தல் மூடியும்தான் அதிகம் கிடைக்கிறது. அவரிடம் கேட்டுப் போய் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மணலில் ஒரு 20 காசைப் புதைத்தோம். புதுக் காசு இல்லை, 2013ல் வந்த வரிசைக்கு உள்ளே எஃகுதான், அது இந்த வேலைக்கு ஆகாது. அம்மாவின் உண்டியலில் இருந்த பழைய காசு. தனியாகக் கிடந்தபோது கணீரென்று பாடியது. அதற்குப் பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி மூன்று அங்குல ஆணி ஒன்றைப் படுக்க வைத்தோம். மிஷின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, அதுதான் காயில், அதை வீசினால் சத்தமே இல்லை. மிஷின் இரும்பை ஒதுக்கும்படி வைத்திருந்தது, ஆணியை ஒதுக்கும்போது காசையும் சேர்த்து ஒதுக்கிவிட்டது. நான் குறுக்கே போய் நின்று அதே இடத்தில் வீசினேன். பட்டென்று காசு பேசியது! உறுமி அடிக்கிறவர் பக்கத்தில் நின்றால் காலில் கட்டிய சலங்கை கேட்காது, ஓரடி சுற்றி வந்தால் கேட்கும், அப்படி.

உனக்குத் தெரியாததா என்று அம்மா சொல்கிறாள். தெரிந்தாலும் ஒரு தடவை கேட்டுக்கொள். படத்தில் உன் மிஷினில் 11 அங்குலக் காயில் மாட்டியிருக்கிறது. ஆணிக்காட்டில் அது ஆகாது, ஒரே வீச்சில் பத்து ஆணியை அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். 6 அங்குலம் வாங்கு. ஆழம் குறையும், குறையட்டும். இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வைத்து மிஷின் வாயை அடைக்காதே. இரும்பின் உறுமலும் காதில் விழட்டும், அதற்கு நடுவே சின்னதாக ஒரு கீச்சு வந்தால் நில். உன் எக்குவினாக்ஸ் மிஷினில் அயர்ன் பயஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏற்றினால் சந்தேகப்பட்டதை எல்லாம் இரும்புக் கணக்கில் எழுதிவிடுமாம், இறக்கி வை. ஒரு சத்தம் முடிந்து அடுத்ததைக் கேட்கத் தயாராகும் வேகம், அந்த ரிகவரி ஸ்பீடைக் கூட்டு. மெதுவாக வீசு. நீ எல்லாவற்றிலும் அவசரக்காரன், இதிலாவது மெதுவாக வீசு.

லாடம், வாஷர், வளைந்த ஆணி, தகரத் துண்டு இவை வெள்ளி மாதிரியே பாடி ஏமாற்றும். குறுக்கே திரும்பி வீசினால் சத்தம் உடையும், இல்லை இடம் மாறும், அப்போது இரும்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான் கடற்கரையில் பார்த்த காசும் ஒரு பக்கம்தானே பேசியது? ரிக்கர் அங்கிளிடம் கேட்டேன், சிரித்துவிட்டு, சந்தேகம்னா தோண்டு என்றார். ஆணி வந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள், திரும்ப மண்ணில் எறியாதே. அதை எடுத்தால்தான் அதன் அடியில் கிடப்பது வெளியே வரும். உன் ராஜா காசு எவ்வளவு மெல்லிசு, ஒரு ஆணி போதும் மறைப்பதற்கு. குழியை மூடிவிட்டு வா, மாடு காலை விட்டால் அந்த விவசாயி மறுபடி உள்ளே விட மாட்டார். கையுறை போடு. ஊசி.

உன் ஊரிலிருந்து தெற்கே, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஹாக்ஸன் என்று ஒரு கிராமம் இருக்கிறதாமே. 1992 நவம்பரில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டு, டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறார். இரும்பைத் தேடிப் போனவருக்கு ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும், 15,000 காசு பக்கம், கிடைத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டதுதான். எல்லாவற்றையும் வாரி எடுக்காமல் தகவல் சொல்லி, மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து முறைப்படி எடுத்தார்கள். அதில் மிளகு வைக்கும் வெள்ளிச் சிமிழ் நாலு இருந்ததாம், ஒன்று பெண் உருவத்தில். அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிப் போனதுதான், வேறெங்கே விளைந்தது? சுத்தியலும் கடைசியில் கிடைத்துவிட்டது. அதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாம். நாங்கள் அங்கே வந்தால் எனக்கு அந்தச் சுத்தியலைக் காட்டு, ராணி கிரீடம் எல்லாம் வேண்டாம்.

ஒற்றைக் காசு சட்டப்படி புதையல் ஆகாது என்று எழுதியிருந்தாய். சரி. ஆனால் அதே குழியில் இரண்டாவது வெள்ளி வந்தால் புதையல்தான், 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல். ஒற்றைக் காசையும் உங்கள் மாவட்டத் தொல்பொருள் அலுவலரிடம் காட்டிப் பதிந்துவிடு. ஆழத்தில் பெரிய இரும்பு என்று மிஷின் உறுமினால் மண்வெட்டியை ஓங்காதே. அந்தப் பக்கம் சண்டைக் காலத்தில் அமெரிக்கன் விமானத் தளமாக இருந்ததாம். இங்கேயே 2023ல் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமானத்துக்குத் தோண்டும்போது 100 கிலோ குண்டு வந்து, 4,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். எண்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்தது.

எல்லா சனி ஞாயிறும் வயலில்தான் இருக்கிறாய் போல. முன்பெல்லாம் சனிக்கிழமை இரண்டு பேருமாகச் சந்தைக்குப் போய்க் காய்கறி படம் அனுப்புவீர்கள். பாகற்காய் அங்கே என்ன விலை என்று அம்மா கிலோவுக்குக் கணக்குப் போட்டுக் கொண்டிருப்பாள். தீபாவளிக்கு மருமகள் போடும் குரல்செய்தியும் இந்த வருஷம் வரவில்லை. அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாள், மணி அடித்து நின்றுவிட்டது. வேலை மாறியிருக்கிறாள் என்று நீ சொன்னாய், அதனால்தான் இருக்கும். நான் கேட்கவில்லை. கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே.

நீ தொடக்கப்பள்ளியில் இருந்தபோது ஒரு மழைக்காலம் முழுக்க நான் ஜொகூரில் பெரியப்பா வீட்டு வேலை பார்த்தேன் அல்லவா? அந்த வீட்டில் என்ன வேலை இருந்தது என்று உனக்கு வயது வந்த பிறகாவது தோன்றியிருக்கும். பெரியம்மா தினமும் ஒரே குழம்பு வைப்பார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது, பிறகு அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு யாராவது கேட்டால் தேவலை என்று இருந்தது. உன் மாமாதான் வந்தார். காரை நிறுத்தி, ஏறுங்க மச்சான் என்றார், அவ்வளவுதான். சரி, அது பழைய கதை.

ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டு. மாடு வந்தால் கேட்க வேண்டும், யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு அம்மா பால்குடம் எடுக்கிறாள். முட்டி வலிக்கிறது, சொன்னால் கேட்க மாட்டாள். யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அந்தச் சமயம் லீவு கிடைத்தால் வா. தனியாக வந்தாலும் வா. உன் அறையில் தங்கச்சியின் துணி அலமாரி இருக்கிறது, நகர்த்திவிடலாம்.

பார்சல் ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். பட்டறைத் தோல் கையுறை இரண்டு ஜோடி, கருவேப்பிலைப் பொடி, மோர்மிளகாய், அம்மா செய்த பருப்புப் பொடி. மருமகளுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கிறது, அம்மா வைத்தாள், நான் எடுக்கவில்லை. அஞ்சலகத்தில் முகவரி எழுதத்தான் பாக்கி. பழைய முகவரிக்கே அனுப்பலாம்தானே? மாறியிருந்தால் புது முகவரியை மட்டும் அனுப்பு, கூட ஒன்றும் எழுத வேண்டாம். செவ்வாய்க்குள் தெரிந்தால் போதும், புதன்கிழமை தேக்கா போகும் வழியில் போட்டுவிடுவேன்.

ஊசிக்கு என்ன சொல்கிறாய்?

அப்பா