தெரிஞ்ச ஸ்கோர்தான், அண்ணா

அண்ணா,

டண்டீ வீட்டைக் காலி செய்கிறேன். எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்பதெல்லாம் இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? அலமாரியின் மேல்தட்டில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு மஃப்ளர்கள் கிடந்தன. ஒன்றில் மஞ்சள் கறை. அது உங்களுடையது.

வாட்ஸாப்பில் எழுதியிருக்கலாம்தான். நீல டிக் விழுந்து பதில் வராமல் இருப்பதை இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை.

அந்த ஜனவரி சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? அன்று எதிரே ஆடியது யார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, வேலி மட்டும் வருகிறது. நம் பிரீக்கின் சிட்டி கால்பந்து அணியின் மைதானம், கிளீப் பார்க்கின் அந்த பீச் மர வேலி. குளிர்காலத்திலும் இலையை விடாமல், காய்ந்து பழுப்பேறி நிற்குமே, காற்றடித்தால் நம்மைவிட அதிகமாகச் சத்தம் போடுமே, அது. பந்து அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. நீங்கள் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவி எடுத்தீர்கள். மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல். பந்தை வாங்க ஓடிவந்த பையனிடம் தமிழிலேயே, "இந்தாப்பா, மெதுவா ஆடு, ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள். அவனும் எல்லாம் புரிந்தவன் மாதிரி "சியர்ஸ், பால்" என்று, 'நன்றி, நண்பா' என்கிற அர்த்தத்தில், சொல்லிவிட்டு ஓடினான். எவ்வளவு நேரம் சிரித்தோம்!

அப்புறம் உங்கள் போன் அடித்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் போனீர்கள். உங்கள் பிரைடியை, அந்தக் கறி வைத்த பேஸ்ட்ரியை, நான் பிடித்துக்கொண்டு நின்றேன். காகிதத்தில் எண்ணெய் பரவி, ஆறி, வெள்ளையாக உறைகிற வரைக்கும் நீங்கள் வரவில்லை. வந்து, "ஸ்கோர் என்ன?" என்றீர்கள்.

"தெரிஞ்ச ஸ்கோர்தாண்ணா. தோக்கிறதுக்குன்னே தேடிப் பிடிக்கிறீங்க, டீமையும் சரி, மத்ததையும் சரி."

நீங்கள் சிரித்தீர்கள். அதற்கு நீங்கள் சிரித்திருக்க வேண்டாம்.

அந்தப் போனில் வந்த சேதி எனக்கு மார்ச்சில்தான் தெரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. யார் யார் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணியும் படிக்கலாம். கடையைப் பற்றியும் பேச்சில்லை. பணம் பற்றி மட்டும் ஒரு வரி: நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மைதானத்தில் அப்படிச் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? டண்டீ வரும்வரை பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஃபார்ஃபரில் நின்றபோது, "பிரைடி நல்லா இருந்துச்சுல்ல?" என்றீர்கள். ஒரு வாய்கூட வைக்கவில்லை நீங்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சரி, உறைக்கவில்லை. அதற்கு இத்தனை வருஷ தண்டனையா?

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் வரவில்லை. கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்தவனை பிரீக்கினுக்கு இழுத்துப் போனது யார்? 2017 மே மாதம் நாலாவதாக முடித்த அணி, மேல் டிவிஷனுக்குப் போக ஆடும் பிளே-ஆஃபில் ராய்த் ரோவர்ஸையும் அல்லோவாவையும் பெனால்டியில் தாண்டி மேலே ஏறியபோது, "தம்பி, டண்டீ யுனைட்டட் இனிமே நம்ம வேலிக்கு வந்து ஆடணும்டா" என்று குதித்தது யார்? பகலில் ஒரு வேலை, சாயங்காலம் பயிற்சி என்றிருந்த பையன்களை முழுநேர அணிகளோடு மோதவிட்டார்கள். ஏறியிருக்கவே கூடாது என்பேன். உங்களிடமும் இதைத்தான் ஒருமுறை சொன்னேன், வேறொரு விஷயத்தில். அதை விடுங்கள்.

அந்த 2017-18 சீசனில் நீங்கள் பார்க்காத மீதியைச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒரு ஆட்டம் ஜெயிக்கவில்லை. 36 ஆட்டத்தில் 32 தோல்வி, 4 டிரா. போட்ட கோல் 20, வாங்கியது 90. ஸ்காட்லாந்து லீக்கில் ஒரு சீசன் முழுக்க வெற்றியே பார்க்காத அணி, 1891-92இல் வேல் ஆஃப் லெவன் அணிக்குப் பிறகு நம்முடையதுதான். நான் தனியாகப் போனேன். வேலியோரம் நம் பக்கத்தில் நிற்பாரே, அந்தத் தாத்தா, ஒவ்வொரு முறையும் "உன் ஆள் எங்கே?" என்பார். "வேலை" என்பேன். ஏப்ரலில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருஷம் இன்னொரு படி இறங்கினார்கள். 2021 மே மாதம் கெல்டி ஹார்ட்ஸிடம் தோற்று, லீக்கை விட்டே வெளியேறி, அதற்கும் கீழே இருக்கிற ஹைலேண்ட் லீக்குக்குப் போனார்கள்.

2023இல் அந்த ஹைலேண்ட் லீக்கை ஜெயித்துவிட்டார்கள், அண்ணா. அன்றைக்கு உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ரோஷம், அடிக்கவில்லை. நீங்களாவது அடித்திருக்கலாம். உங்களுக்கும் சேதி தெரிந்திருக்கும்தானே?

மஃப்ளரைத் துவைக்கவில்லை. மஞ்சள் எப்படியும் போகாது. இந்த மாதக் கடைசிவரை இங்கேதான் இருப்பேன், முகவரி அனுப்புங்கள். வேண்டாமென்றால், வேண்டாம் என்றாவது எழுதுங்கள்.

தம்பி