நேரம் தெரிந்த பெட்டி

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பிபிசி மைக்ரோவை இறக்கிவிட்டேன். 1984-இல் மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்து, பிறகு பழைய சாமான் ஏலத்தில் நான் எடுத்தேனே, அதுதான். பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றியதும் உயிர் வந்தது.

அதன்மேல் எனக்கு அப்போதிருந்தே ஒரு குறை. டைம் என்று கேட்டால் சுவிட்ச் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று மட்டும் சொல்லும், அதுவும் விநாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். அணைத்தால் அதுவும் போச்சு. 1986-இல் இதற்கு அடுத்து வந்த மாஸ்டர் என்ற மாடலுக்குப் பேட்டரிக் கடிகாரம் உண்டு, இதற்கு இல்லை.

டிஎஸ்1307 என்ற கடிகாரச் சில்லு, அதற்குத் துடிப்புக் கொடுக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல், காயின் பேட்டரி எல்லாம் சேர்ந்த சின்னப் பலகை ஒன்று வாங்கினேன். பெட்டிக்கு அடியில், வெளிச் சாதனங்களைச் செருகும் யூசர் போர்ட்டுக்கு நாலே ஒயர். பற்றவைத்தது உன் பழைய சால்டரிங் அயர்னில்தான், கோபித்துக்கொள்ளாதே.

முதல் நாள் விநாடி நகரவே இல்லை. சில்லு விநாடியை வைக்கும் பைட்டில், அதாவது எட்டு பிட் கொண்ட இடத்தில், மேல் பிட் 1 ஆக இருந்தால் கடிகாரம் ஓடாதாம். அதைப் பூஜ்ஜியமாக்கினேன், ஓடியது. ஆனால் திரையில் மணி 4, நிமிடம் 69! அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையில் நிமிடம் 45. சில்லு அதை 4 தனி, 5 தனி என்று ஒரே பைட்டின் இரண்டு பாதியில் வைக்கிறது. நான் மொத்தமாக ஒரே எண்ணாகப் படித்ததால் நாலு பதினாறு அறுபத்து நாலோடு ஐந்தும் சேர்ந்துவிட்டது. இதைத்தான் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போட்டேன்!

இதனால் என்ன லாபம் என்கிறார் அப்பா. லாபம் ஒன்றும் இல்லைதான். இதன் பிளாப்பியில் ஃபைலுக்குத் தேதி போடும் வழக்கமே கிடையாது. ஆனால் நேற்று இரண்டு மணி நேரம் கரண்ட் போய் வந்தபின் போட்டுப் பார்த்தால், சமையலறைக் கடிகாரத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

திரையில் கீழே உங்கள் டொராண்டோ நேரமும் வருகிறது. புரோகிராமின் 240-ஆம் வரியில் ஒன்பதரை மணி நேரம் கழித்திருக்கிறேன். நவம்பரில் உங்கள் ஊரில் மணியை மாற்றும்போது போன் செய், அதைப் பத்தரை ஆக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா