கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மனநோயோடு வளரும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். யார் என்ன உதவி செய்தீர்கள் என்பதைச் சற்று விவரமாகவே எழுதுகிறோம். இந்த வழியில் புதிதாகக் கால்வைக்கும் வீட்டாருக்கும் அது பயன்படட்டும்.

முதல் வணக்கம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் சமூகப் பணியாளர்களுக்கு. ஒரு நோட்டுப் போட்டு, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு, மாத்திரை போட்ட நேரம், பள்ளிக்குப் போன நாள் என்று நான்கை மட்டும் தினமும் குறிக்கச் சொன்னீர்கள். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் "பிள்ளை எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால், நேற்று நடந்த ரகளைதான் பெற்றவர்கள் வாயில் முதலில் வரும். மூன்று வாரமாகத் தூக்கம் குறைந்துகொண்டே வந்ததை நோட்டுதான் காட்டும். மருந்தை மாற்றலாமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அதுதான் வேண்டும்.

மனநிலையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளின் வீடுகள் மருந்தாளுநர்களுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கின்றன. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பே லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும்; மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், டோஸ் வீணாகக் குறைந்துவிடும். வாந்தி, பேதி, கோடை வியர்வை இவற்றால் உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையும் லித்தியத்தை ஏற்றிவிடும் என்று கடையிலேயே தடுத்த உங்களை மறக்க மாட்டோம்.

இதே மருந்தால் தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும். தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைக்க விட்டு, கேட்காமலே கழிப்பறைக்குப் போகலாம் என்ற ஆசிரியர்களுக்கு நன்றி. அந்த அனுமதி இல்லாவிட்டால், பிள்ளைகள் பள்ளி நாளில் மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு, நோயால் வந்த பாதிப்பை ஐடியாஸ் என்ற அளவுகோலில் மதிப்பிடுவார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பாவது வேண்டும். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதும் அதில் கணக்கு. அதனால்தான் முதல் ஓ.பி. சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லி, பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கித் தந்தீர்கள், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக ஊழியர்களே. பிள்ளை அமைதியாக இருக்கும் நாளில் வெறுங்கையோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த சதவீதமே கிடைக்கிறது.

வார்டு செவிலியர்களுக்கும் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் நியமிப்பவரோ கூடவே தங்க வேண்டும், பெண் பிள்ளைக்குத் துணை பெண்ணாகவே இருக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். நாங்கள் கேட்கும் முன்பே அதைச் சொல்லி, படுக்கைக்குப் பக்கத்தில் பாய் விரிக்க இடம் தந்தீர்கள்.

14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நள்ளிரவிலும் தமிழில் பேசும் ஆலோசகர்களே, கட்டணமில்லாத அந்த அழைப்பில் வயது, சாப்பிடும் மருந்து, எத்தனை நாளாகத் தூங்கவில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறதா என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். பதறிய மனசு அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டுதான் நிதானத்துக்கு வருகிறது.

கடைசியாக, பக்கத்து வீட்டு அக்காமார்களுக்கு. "பேய் பிடிச்சிருக்கு" என்று ஊர் சொன்னபோது, "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு, நான் பார்த்துக்கிறேன்" என்றீர்கள். மாத்திரைப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அதற்கு எங்கள் கைகூப்பு.

இப்படிக்கு,
நன்றியுடன் பெற்றோர்